கடைமடையில் தெரியும் தலைமை: பாசனச் சங்கப் பொறுப்பை ஏற்போருக்கு ஒரு வழிகாட்டி

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் தருகின்றன. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளைத் திறப்பதும் அடைப்பதும் அரசின் கையில் இருக்கிறது. ஆனால் கால்வாயிலிருந்து கிளை வாய்க்காலுக்கும், கிளை வாய்க்காலிலிருந்து கடைசி வயலுக்கும் அந்தத் தண்ணீர் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பது உள்ளூரில் பொறுப்பில் இருப்பவரைப் பொறுத்தது. பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கென 2000ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தலைவரையும் தொகுதி உறுப்பினர்களையும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வழிசெய்திருக்கிறது.

அப்படித் தேர்தலில் வென்றோ, “நீயே இரு தம்பி” என்று ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டியோ முதன்முறையாகப் பொறுப்புக்கு வருவோருக்காக இது எழுதப்படுகிறது. நல்ல தலைவருக்கு அறிவும் நேர்மையும் துணிவும் பொறுமையும் வேண்டும் என்று மேடையில் சொல்வது எளிது. யாரும் மறுக்கப் போவதில்லை. அந்தக் குணங்கள் ஒருவரிடம் இருக்கின்றனவா என்பதை எங்கே போய் விசாரிப்பது என்பதில்தான் சிக்கல். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் விசாரித்தால் எல்லாத் தலைவர்களும் நல்லவர்களே. அங்கே யார் தலைவராக இருந்தாலும் தண்ணீர் வந்துவிடும். வாய்க்கால் முடியும் இடத்தில், நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும் கடைமடை விவசாயியிடம் விசாரித்தால்தான் உண்மை தெரியும். கீழே வருவன எல்லாம் அந்தக் கடைமடையில் நின்று பார்த்தவை.

வாய்க்காலைத் தெரிந்துகொள்வது

கன்னடியன் கால்வாயைப் பற்றிச் சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. கால்வாய் வெட்ட முனைந்த கன்னட நாட்டு மனிதர் ஒரு பசுவின் பின்னாலேயே நடந்தாராம். அது நடந்த வழியில் கால்வாயையும், படுத்த இடத்தில் குளத்தையும், நீர்விட்ட இடத்தில் மடையையும் அமைத்தாராம். கதை கதையாகவே இருக்கட்டும். கால்வாயின் முழு நீளத்தையும் காலால் நடந்து அளந்தவர் என்றே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பொறுப்பேற்றவர் செய்ய வேண்டிய முதல் வேலையும் அந்த நடைதான். மோட்டார் சைக்கிளில் போய்ப் பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

நடையைக் கடைமடையில் தொடங்கித் தலைமடையில் முடிக்க வேண்டும். தலையிலிருந்து இறங்கி வந்தால் பாதி வழியில் வெயில் ஏறிவிடும், டீக்கடையில் பேச்சு வளர்ந்துவிடும், மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அந்த மீதி எப்போதும் கடைமடையாகத்தான் இருக்கும். பிசானம் எனும் இரண்டாம் பருவ நெல்லின் அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்தபின் கோடையில் ஒருமுறையும், தண்ணீர் ஓடும்போது ஒருமுறையும் நடக்க வேண்டும், ஏனெனில் இரண்டு நேரங்களிலும் கண்ணில் படுபவை வேறு வேறு. வறண்ட வாய்க்காலில் மண்மேடுகளும், கரையைப் பிடித்த உடை மரங்களும், துருப்பிடித்துத் தூக்க முடியாமல் கிடக்கும் ஷட்டர்களும், தம் வரப்பை ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டே வந்தவர்களும் தெரிவார்கள். தண்ணீர் ஓடும்போது பாலத்தடியில் அடைத்து நிற்கும் அமலைச் செடியும், நண்டு வளைகளில் கசியும் கரையும், இரவில் யாரோ செருகிவைத்த குழாய்களும் தெரியும்.

உடன் அழைத்துச் செல்ல வேண்டியவர் நீர்பாய்ச்சி, அதாவது மடைகளைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் ஊர்ப் பணியாளர். பத்துப் பேர் படை சூழப் போனால் அவர் வாய் திறக்க மாட்டார். தனியாக, அவருடைய வேலை நேரத்தில், அவர் பின்னால் நடந்தால், எந்த மடை எந்த நேரத்தில் யாரால் திறக்கப்படுகிறது என்பது மெல்ல மெல்ல வெளிவரும். சொன்னதை நோட்டில் குறித்துக்கொள்ளலாம். சொன்னவர் யார் என்பதை மட்டும் எங்கும் எழுதவோ பேசவோ கூடாது. அந்த ஒரு வாக்கைத் தவறவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் ஊரில் நடப்பது எதுவும் தலைவர் காதுக்கு வராது.

முறை வைப்பது

தண்ணீர் நிறைய இருக்கும் ஆண்டில் தலைவர் ஒருவர் தேவைப்படுவதே அரிது. பாபநாசம் அணை 143 அடியைத் தொட்டு நிற்கையில் எல்லா மடையும் திறந்தே கிடக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி, கார் சாகுபடிக்கு ஜூனில் வர வேண்டிய தண்ணீர் தள்ளிப்போய், வந்த தண்ணீரையும் முறை வைத்து, அதாவது ஒருவர் பின் ஒருவராக நேரம் குறித்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்ற நிலை வரும்போது தலைமையின் தரம் வெளிப்படும்.

முறைக்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாற்று பாவும் (நாற்றங்காலில் விதைக்கும்) தேதியை வாய்க்கால் முழுவதும் ஒரே வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒருவர் இன்று பாவி இன்னொருவர் மூன்று வாரம் கழித்துப் பாவினால், முன்னவர் அறுப்புக்காக வயலைக் காயப் போடும் நேரத்தில் பின்னவருக்குக் கதிர் பால் பிடிக்கத் தண்ணீர் வேண்டியிருக்கும். அணையோ அதற்குள் அடைபடும் நிலைக்கு வந்திருக்கும். அப்படிப் பின்தங்குவது பெரும்பாலும் கடைமடைக்காரர்தான், தண்ணீர் அவருக்குப் பிந்தி வருவதால். தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் எல்லோரும் அம்பை 16 போன்ற குறுகிய கால ரகத்துக்கு மாறினால் கடைசி இரண்டு வாரத்துப் பற்றாக்குறை பெரிதும் குறையும். இதையெல்லாம் உத்தரவாகப் போட முடியாது. தலைவர் தம் வயலில் அதே ரகத்தை அதே வாரத்தில் பாவிக் காட்டிவிட்டுப் பேசினால் கேட்பவர்கள் கேட்பார்கள்.

இனி முறைக்கு வருவோம். ஏக்கருக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தால் பார்வைக்கு அது சமமாகத் தோன்றும். உதாரணமாக, 2 ஏக்கர் வைத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு நோட்டில் 2 மணி நேரம் என்று விழும். ஆனால் மேல்மடையை அடைத்தபின், காய்ந்து கிடக்கும் வாய்க்கால் மண் நனைந்து, பள்ளங்கள் நிரம்பி, தண்ணீர் அவர் வரப்பைத் தொட 40 நிமிடம் பிடித்தால், அவருக்கு உண்மையில் கிடைப்பது 1 மணி 20 நிமிடம். தலைமடைக்காரருக்கோ பலகையைத் தூக்கிய நொடியே தண்ணீர் வயலுக்குள் விழுகிறது. போதாததற்கு, நெடுகக் கசிந்து வருவதால் கடைக்கு வரும் தண்ணீரின் அளவும் மெலிந்திருக்கும். ஆகவே வாய்க்கால் நனையும் நேரத்தை எந்தத் தனி விவசாயியின் கணக்கிலும் சேர்க்காமல் பொதுவில் கழித்துவிட்டு, தண்ணீர் வயலுக்குள் விழுந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் பார்க்க வேண்டும்.

முறையைக் கடையில் தொடங்கித் தலைநோக்கி ஏற்றினால் இந்தச் சிக்கலில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். முதலில் கடைமடைக்குத் தண்ணீர் போனால் வாய்க்கால் முழுவதும் ஒரே தடவையில் நனைந்துவிடுகிறது. அதன்பின் அடுத்தடுத்த மேல்மடைகளைத் திறக்கும்போது யாருக்கும் நனையும் நேரம் வீணாவதில்லை. ஒவ்வொரு தடவையும் கீழே மிஞ்சி நிற்கும் தண்ணீர் கடைமடைக்கே வடியும். மேலிருந்து கீழே இறங்கும் முறையில் இந்த ஆதாயங்களில் ஒன்றும் கிடையாது. அப்படியிருந்தும் பல வாய்க்கால்களில் முறை மேலிருந்தே இறங்குகிறது என்றால் காரணம் நீரோட்டம் அல்ல, செல்வாக்கு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு சுற்று சரியாக 7 நாளில் முடிந்தால், இரவு 2 மணிக்குத் தண்ணீர் பெறுபவர் பருவம் முழுவதும் இரவு 2 மணிக்கே பெறுவார். சுற்றை ஏழரை நாளாக வைத்தால் இந்தச் சுற்றில் இரவில் பாய்ச்சியவருக்கு அடுத்த சுற்று பகலில் வரும். வயதானவர்களும் தனியாக விவசாயம் பார்க்கும் பெண்களும் இருக்கும் வாய்க்காலில் இந்த அரை நாள் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இருட்டில், பாம்புக்குப் பயந்து, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

முறை போட்டபின் குறை வரும். “அண்ணாச்சி, ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி விட்டாச்சுன்னு நோட்டுல எழுதியிருக்கு. எங்க வரப்புக்கு வரும்போது கோழி கூவிட்டு” என்று கடைமடைக்காரர் வந்து நிற்பார். அவரிடம் நோட்டை விரித்துக் காட்டி வாதாடுவது மிக மோசமான பதில். அடுத்த முறை அவருக்கு வரும் இரவில் தலைவர் தாமே அந்த வரப்பில் போய் நின்றால், இடையில் திறந்து கிடந்த மடை எது என்பது அன்றே தெரிந்துவிடும். தலைவர் எந்த இரவில் எந்த வரப்பில் நிற்பார் என்று யாருக்கும் தெரியாத ஊரில் நள்ளிரவில் மடை தூக்குபவர்கள் வெகுவாகக் குறைந்துவிடுவார்கள்.

சொந்தக்காரர்கள்

தலைவரின் நேர்மைக்கு முதல் சோதனை வெளியாரிடமிருந்து வருவதில்லை. மைத்துனரிடமிருந்தோ பங்காளியிடமிருந்தோ வரும். “ஓய் மாப்பிள்ள, நீரு தலைவரா இருந்தும் நமக்கு ஒரு மணி நேரத் தண்ணி கூடுதலா இல்லன்னா, பொறவு எதுக்குவே ஓட்டுப் போட்டோம்?” என்று கல்யாண வீட்டுப் பந்தலில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பார்கள். இதற்குச் சிரித்து மழுப்பினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். அங்கேயே, சிரித்த முகத்தோடு, முடியாது என்று சொல்லிவிட வேண்டும். கால்வாயில் மோட்டார் போட்டு இறைப்பவர்கள் நான்கு பேர் இருந்து அவர்களில் ஒருவர் தலைவரின் சித்தப்பா என்றால், முதலில் அகற்றப்பட வேண்டியது சித்தப்பாவின் மோட்டார். மற்ற மூவர் வீட்டுக்கும் போக வேண்டிய அவசியம் அதன்பின் பெரும்பாலும் இராது. குடும்பத்தில் ஓர் ஆண்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோகக்கூடும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாதவர் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே நல்லது.

கூட்டம்

எங்கே கூடுவது என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. நம் பக்கத்து ஊர்களில் ஒரு சமுதாயத்துக்குரிய கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் இன்னொரு தெருவைச் சேர்ந்தவர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் உள்ளே வந்து உட்கார மாட்டார்கள்; இதை வெளிப்படையாகப் பேச எல்லோருக்கும் கூச்சம், ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆகவே பள்ளிக்கூடம், நூலகம், ரேஷன் கடை முகப்பு போல அனைவரும் தயக்கமின்றி வந்து ஒரே மாதிரி நாற்காலியில் உட்காரக்கூடிய இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். கணவர் சென்னையிலோ மும்பையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்க, வயலைப் பார்த்துக்கொள்பவர் மனைவி. பட்டா கணவர் பெயரில் இருப்பதால் கூட்ட அழைப்பு அவருக்குப் போவதே இல்லை. முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களில் அவரே பீடியும் சுற்றுகிறவராக இருப்பார். தட்டை எடுத்துக்கொண்டு பீடிக் கடையில் ஒப்படைக்கப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர் எப்படி வர முடியும்? பட்டாவில் யார் பெயர் என்று பார்க்காமல் மண்வெட்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்து அழைக்க வேண்டும். அவரிடம் கேட்டு நேரம் குறிக்க வேண்டும்.

கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் எதிர்ப்புச் சொல்பவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். இது புதிய தலைவலி என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், சிவன் கோயிலில் உள்ள பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்ச் சபை தனக்கு விதித்துக்கொண்ட விதிகளைச் சொல்கிறது. சபையில் பங்கேற்பவருக்குக் கல்வியும் நன்னடத்தையும் வேண்டும் என்று கூறும் அந்தக் கல்வெட்டு, எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ (அல்ல, அல்ல) என்று மறுத்து முட்டுக்கட்டை போடுபவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் 5 காசு தண்டம் விதிக்கிறது. நிலமுடைய அந்தணர்கள் மட்டுமே அமர்ந்த சபை அது. உழுதவர்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் அதை முன்மாதிரி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் பொதுக்காரியம் நடக்கவிடாமல் தடுப்பதை ஒரு குற்றமாகவே எண்ணியிருக்கிறார்கள் என்பது வியப்பளிக்கிறது.

இன்றைய தலைவரால் தண்டம் போட முடியாது, போடவும் கூடாது. மறுப்பவர் வீண் வம்புக்காரரா, விவரம் தெரிந்தவரா என்று பிரித்தறிவதே அவர் கற்க வேண்டிய திறமை. “சரி, உங்கள் யோசனை என்ன? நோட்டில் எழுதிக்கொள்கிறேன்” என்று கேட்டுப் பேனாவைத் திறந்தால் விஷயம் தெளிவாகிவிடும். வம்புக்காரர் பேச்சை மாற்றுவார். விவரம் தெரிந்தவர், எந்த மடைக்கு எந்தப் பக்கம் தாழ்வு என்று சொல்லத் தொடங்குவார். அவர் குரல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் முழுதும் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரோடு தீர்மான நோட்டில் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் பேசி முடித்தபின் முடிவைச் சொல்லத் தலைவர் தயங்கக் கூடாது. “அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்று தள்ளிவைப்பதும் ஒரு முடிவுதான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் போது அது தலைமடைக்குச் சாதகமான முடிவு.

கணக்கு

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சங்கத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, செலவு செய்த வாரத்திலேயே பொது இடத்துப் பலகையில் விவரம். ஜேசிபி வாடகை எத்தனை மணி நேரத்துக்கு, ஆள் கூலி எத்தனை பேருக்கு, குளத்து மீன் குத்தகையில் வந்தது எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். ‘இதர செலவு’ என்ற வரி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஊர் அதைப் பற்றித்தான் பேசும். குடிமராமத்து போன்ற அரசுப் பணிகள் சங்கத்தின் வழியாக வரும்போது மதிப்பீட்டுத் தொகையையும் வேலை தொடங்கும் முன்பே பலகையில் எழுதிவிடுவது நல்லது.

அதிகாரிகளிடம் பேசுவது

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் துறைமுகமான தூத்துக்குடியில், 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். அந்தப் போராட்டத்திலிருந்து பாசனச் சங்கத் தலைவர் எடுத்துக்கொள்ள இரண்டு செய்திகள் உள்ளன. கோரிக்கைகள் கூலி உயர்வு, வார விடுமுறை என்று நிர்வாகம் நிறைவேற்றக்கூடிய தெளிவான வடிவில் இருந்தன. தொழிலாளர் வீடுகளில் அடுப்பு எரியாவிட்டால் எந்தப் போராட்டமும் நீடிக்காது என்பதை உணர்ந்து, நகரத்தாரிடம் பொருள் திரட்டி அவர்களுக்கு உதவவும் ஏற்பாடாயிற்று. சுமார் ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. வீரப் பேச்சாளர் என்றே வ.உ.சி.யை நினைப்பவர்கள், அவர் வழக்கறிஞராகவும் கப்பல் கம்பெனி நடத்தியவராகவும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். பேச்சுக்குப் பின்னால் அந்தக் கணக்கறிவும் இருந்தது.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகும்போது, ‘எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை’ என்ற மனு எழுதினால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பதில் வரும். எந்தக் கால்வாய், எத்தனையாவது மடை, ஷட்டர் எந்தத் தேதியிலிருந்து பழுது, அதனால் எத்தனை ஏக்கர் காய்கிறது, எந்தத் தேதிக்குள் சரிசெய்தால் பயிர் பிழைக்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் நீர்வளத்துறைப் பொறியாளரும் குறிப்பான பதிலையே சொல்ல வேண்டியிருக்கும். கடைமடை விவசாயி ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று அவரையே பேசவிடுவது இன்னும் நல்லது. மைக்கைத் தாம் மட்டுமே பிடித்துக்கொள்ளும் தலைவர்கள் இதைச் செய்வதில்லை. கால்வாயில் ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரிடமும் பொறியாளரிடம் காட்டும் அதே மரியாதையைக் காட்ட வேண்டும்.

வெள்ளம்

பற்றாக்குறையில் பொறுமை வேண்டும். வெள்ளத்தில் வேகம் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டு, குளங்கள் உடைந்தபோது, தொலைபேசியும் மின்சாரமும் இல்லாத ஊர்களில் யாரிடமும் அனுமதி கேட்க வழியிருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள், தாமே வெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்த நிலையிலும், உணவு சமைத்துக் கொடுத்தார்கள். யாருடைய உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆனால் குளத்துக் கரையைக் காப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. ஐப்பசி பிறக்கும் முன்பே மணல் மூட்டைகள் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன, மறுகால் (குளத்தின் உபரிநீர் வெளியேறும் வழி) பலகையை எடுப்பவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், நள்ளிரவில் ஜேசிபி கொண்டுவரக்கூடியவர் யார், தாழ்வான தெருவில் இருப்போர் எங்கே போவது என்பதை முடிவு செய்து எழுதி ஒட்டிவிட வேண்டும். நீர்மட்டம் இந்தக் கல்லைத் தொட்டால் மறுகாலைத் திறந்துவிடலாம், தலைவரைத் தேட வேண்டாம் என்று முன்கூட்டியே அதிகாரத்தைக் கொடுத்துவைக்க வேண்டும். திறந்தபின் கீழேயுள்ள வயல் மூழ்கிக் கேள்வி வந்தால், திறந்தவரைக் கைகாட்டாமல், “நான் சொல்லித்தான் திறந்தார்” என்று தலைவர் முன்னே வந்து நிற்க வேண்டும். ஒருமுறை அதைச் செய்யத் தவறினால் அடுத்த வெள்ளத்தில் எவரும் பலகையைத் தொட மாட்டார்கள்.

பொறுப்பை ஒப்படைப்பது

பதவிக்காலம் முடியும் ஆண்டில் வாய்க்கால் நடைக்கு அடுத்து வரக்கூடிய இளைஞர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்துச் செல்லத் தொடங்கிவிட வேண்டும். அவர்களில் ஒருவராவது கடைமடையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். தேர்தலில் எதிரணியே வென்றாலும் தீர்மான நோட்டு, வங்கிப் புத்தகம், ஷட்டர் சாவிகள், முறைப் பட்டியல், ஆக்கிரமிப்புக் குறிப்புகள், நிலுவையில் உள்ள மனுக்களின் நகல் ஆகிய அனைத்தையும் பட்டியலிட்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். அதன்பின் புதிய தலைவர் கேட்டால் ஒழிய முறை விஷயத்தில் கருத்துச் சொல்லாமல் இருப்பதும், தம் வயலுக்கான நேரம் முடிந்ததும் யாரும் சொல்வதற்கு முன்பே மடையை அடைத்துவிடுவதும் முன்னாள் தலைவர் செய்ய வேண்டிய வேலைகள்.